மூச்சை உள்ளே இழுத்தால் ஆமாம்

— நிறுத்து, நிறுத்து. அங்கேயே நிறுத்து, மைலிஸ்.

— இந்த வாரத் தொடர் ஆரம்பிச்சு நாலு நிமிஷம்கூட ஆகலை, தோர்கெல்.

— இப்ப ஆஸ்தா என்ன பண்ணா, பாத்தியா?

— கதவைத் திறந்தா.

— திறந்துட்டு?

— தபால்காரரைப் பாத்துச் சிரிச்சா.

— சிரிச்சா! பல்லு தெரிய! ரெண்டு சீசன், பதினாறு வாரம், அந்தப் பொம்பளையை நான் சிரிக்க விடாம கட்டிக் காப்பாத்தி வச்சிருந்தேன். அவ கண்ணு முன்னாடி பதினாறு பொணத்தைப் போட்டேன். உதடு அசையலை. இந்த யோனாத்தன் வந்தான், ஒரு தபால்காரன் ‘காலை வணக்கம்’னு சொன்னதுக்கே ஈன்னு இளிக்க வச்சுட்டான்.

— பொணத்தைப் பாத்து யாரு சிரிப்பா?

— அது இல்ல விஷயம்.

— ஓட விடவா?

— இரு. என் வயித்தெரிச்சல் கொஞ்சம் அடங்கட்டும். ஞாயித்துக்கிழமை காலையில மனுஷன் காப்பி குடிக்கிறதா, இதைப் பாக்குறதா?

— பாக்க வேண்டாம்னு போன வாரமே சொன்னேன்.

— பாக்காம எப்படி இருக்குறது? நான் பெத்த பொண்ணு மாதிரி அவ. மூணாவது சீசன்ல பாதி எழுதிக்கிட்டு இருக்கும்போது மேஜை மேலயே சாஞ்சேன். கண்ணு முழிச்சுப் பாத்தா என் நெஞ்சுல தையல், என் நாற்காலியில யோனாத்தன்.

— உயிர் இருந்துச்சுல்ல.

— நாற்காலி இல்லையே, தாயே!

— சரி.

— பேப்பர்ல என்ன போட்டிருக்கான், படிச்சியா? ‘இத்தனை நாளும் இன்ஸ்பெக்டர் ஆஸ்தா சாத்தி வைத்த ஃபிரிட்ஜ் மாதிரி இருந்தாள். இப்போதுதான் ஒருவர் கதவைத் திறந்து, உள்ளே விளக்கு எரிவதைக் காட்டியிருக்கிறார்.’

— நல்லா எழுதியிருக்கான்.

— நல்லா எழுதியிருக்கான், அதான் தாங்க முடியலை. மோசமா எழுதியிருந்தா கத்தரிச்சுச் சுவத்துல மாட்டி வச்சிருப்பேன். சரி, ஓட விடு... நிறுத்து!

— இப்ப என்ன?

— வெயிலைப் பாரு. மால்மோவுல வெயில் அடிக்குது! துறைமுகம் பளபளன்னு இருக்கு. இது கொலைக் கதையா, ஐஸ்கிரீம் விளம்பரமா?

— ஜூன் மாசம் எடுத்தாங்க. ஜூன்ல வெயில் அடிக்கும்.

— நானும்தான் ஜூன்ல எடுத்தேன். தீயணைப்பு வண்டியை வரவழைச்சு மழை பெய்ய வச்சேன். ஈர ரோட்டை மட்டும் மூணு நிமிஷம் காட்டுவோம், பின்னாடி ஒரு பொம்பளை வயித்து வலி வந்த மாதிரி பாடுவா. அந்த மூணு நிமிஷத்துல நான் ஒரு வரி எழுத வேண்டாம். எப்பேர்ப்பட்ட பாணி அது! ஜெர்மனியில அதைப் பத்தி ஆராய்ச்சியே பண்ணாங்க... இரு. ஜூன்ல எடுத்தாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— மரத்துல இலை பச்சையா இருக்கு.

— போலீஸ்காரியைக் கட்டிக்கிட்டா இதான் தொல்லை.

— ஓட்டுறேன்.

— ஓட்டு. ஆ, வந்துட்டாரு, ஆஸ்தாவோட உதவியாள், குடியேறி வந்த குடும்பத்து ஹெவால். இந்தப் பையனுக்கு இந்த சீசன்ல என்னென்ன குடுத்திருக்கான் பாரு. அம்மா. மகரந்தம் பட்டா தும்மல். பாதி கட்டின கோடை வீடு. கொலையைக் கண்டுபிடிக்க நேரம் எங்க இருக்கு அவனுக்கு?

— உன் சீசன்ல வெளிநாட்டுப் பேர் வச்சவங்க ரெண்டே பேர்.

— யாரு?

— பீட்சா கடைக்காரர் ஒருத்தர். பொணம் ஒருத்தர்.

— அந்தப் பொணம் நல்ல பாத்திரம்!

— ரெண்டாவது சீசன்ல பீட்சா கடைக்காரரையே பொணமாக்கிட்ட.

— அது சிக்கனம், மைலிஸ். ...சரி, ஒத்துக்குறேன், அது கேவலம். ஒரு அம்மாவையாவது குடுத்திருக்கலாம். ஆனா இந்தச் சலவை அறைச் சண்டையைப் பாரு. ஹெவால் கட்டடத்துப் பொதுச் சலவை அறையில பேர் எழுதி வச்ச நேரத்துல மேல் வீட்டுக்காரி தன் திரைச்சீலையைத் துவைக்கிறா. இவன் கோவத்துல சீட்டு எழுதி ஒட்டுறான். சீட்டுல எழுத்துப் பிழை. அவ சிவப்புப் பேனாவால திருத்தி அனுப்புறா. நம்ம கட்டடத்துல எனக்கு நடந்த மாதிரியே இல்ல?

— எல்லாக் கட்டடத்துலயும் நடக்குறதுதான்.

— எழுத்துப் பிழையோடவா?

— காப்பி ஆறுது.

— ஆறட்டும். அய்யோ, வந்துருச்சு, வந்துருச்சு. காலி நாற்காலி. இதுக்குத்தான் ஊரே அழுவுது. செத்துப் போன ரூனே! எனக்கு ஒண்ணு புரியலை. நான் ஆஸ்தாவுக்குக் கல்யாணமே பண்ணி வைக்கலை. இவன் வந்து கல்யாணமும் பண்ணி, புருஷனையும் சாகடிச்சு, துக்கத்தையும் குடுத்துட்டான். அந்த ரூனேவுக்கு முகம் இல்ல, வசனம் இல்ல. நாற்காலி முதுகுல ஒரு கம்பளி ஸ்வெட்டர் தொங்குது, அவ்வளவுதான் அவன் நடிப்பு. என் முடிவெட்டுற பொண்ணு சொல்றா, ‘ரூனே மாதிரி ஒரு மனுஷன் கிடைக்குமா’ன்னு. என் தலையில கத்திரியை வச்சுக்கிட்டே சொல்றா!

— உனக்கு ஒரு நாற்காலி மேல பொறாமையா?

— ஸ்வெட்டர் மேல. நீயும்தான் மூணாவது வாரம் அழுத. நான் பாத்தேன்.

— வெங்காயம்.

— ஏலக்காய் பன் தின்னுக்கிட்டு இருந்தோம். அதுல ஏது வெங்காயம்?

— ஓட விடவா, வேண்டாமா?

— அந்த வசனம் எனக்கு மனப்பாடமே ஆகிருச்சு. ஆஸ்தா நாற்காலிக்கு எதிர்ல உக்காந்து சொல்றா: ‘படகுக்குத் தார்ப்பாய் கட்டாம போயிட்ட. எனக்குக் கட்டத் தெரியாதுன்னு இல்ல. நீ தப்பாக் கட்டணும், நான் பக்கத்துல நின்னு திட்டணும். இந்த வீட்டுல சத்தம் பத்தலை. ஏதாவது உளறு.’ ஏதாவது உளறுன்னு சொல்றா, மைலிஸ்! என் ஆஸ்தா ஆறு வார்த்தைக்கு மேல பேசினா நாக்கு சுளுக்கிக்கும். எந்தப் பொம்பளை புருஷன்கிட்ட இப்படிப் பேசுவா? இருபத்தொம்பது வருஷத்துல இந்த வீட்டுல நான் இப்படி ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா?

— ஓட்டுறேன்.

— ஓட்டு, ஓட்டு. இது யாரு, குல்லாய் போட்டுக்கிட்டு? விறகு வெட்டியா?

— போலீஸ் சந்தேகப்படுற ஆள். சுவீடனோட வடக்குக் கோடி, ஆர்விட்ஸ்யாவூர்க்காரன்.

— வடக்கத்திக்காரன். உங்க ஆளு. விசாரிக்கிறது நம்ம மால்மோ போலீஸ். ‘படகுக் கொட்டகையைக் கொளுத்தினது நீதானா?’ ஆளு பேசலை. மறுபடி கேக்குறான். பேசலை. ‘பதில் சொல்ல மறுக்கிறார்’னு எழுதிக்கிட்டு எந்திரிக்கிறான். பாவம், நானா இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்... ஆஸ்தா வர்றா... என்ன சொன்னா? ‘ரெண்டு தடவை ஒத்துக்கிட்டாரு, உனக்குக் காது இல்லையா?’ ...நிறுத்து.

— நிறுத்திட்டேன்.

— பின்னாடி போ. அந்த ஆளு மூஞ்சிக்குப் போ. ஆங். மைலிஸ், அது என்ன சத்தம்?

— வாக்குமூலம்.

— அது மூச்சு! உதட்டைக் குவிச்சுக் காத்தை உள்ள இழுக்கிறான். ‘ஷூப்’னு. வடக்கத்திக்காரங்க ‘ஆமா’ சொல்றதுக்கு வாயைத் திறக்க மாட்டாங்களே, அந்த ‘ஷூப்’!

— ஷூப்.

— மைலிஸ், இது நம்ம கதை.

— அப்படியா.

— அப்படியாவா? உங்க அப்பா வீட்டுச் சமையலறை. தொண்ணூத்தி நாலு, பிப்ரவரி, வெளியில மைனஸ் முப்பது. மோதிரத்தை நீட்டி, ‘என்னைக் கட்டிக்கிறியா’ன்னு கேட்டேன். நீ ஷூப்புன்னு மூச்சை இழுத்த. அதிர்ச்சியில மூச்சு நின்னுபோச்சுன்னு நினைச்சேன். ‘மன்னிச்சுக்க, கேட்டிருக்கக் கூடாது’ன்னு மோதிரத்தை உள்ள வச்சுட்டேன். உங்க அப்பாகிட்ட போய், ‘உங்க பொண்ணுக்கு என்னைப் பிடிக்கலை போல’ங்கிறேன், அவரும் ஷூப்பு. குடும்பத்துக்கே மூச்சுத்திணறல்னு நினைச்சுக்கிட்டு ராத்திரி ரயில் ஏறினவன் நான். மூணு வாரம் கழிச்சு நீ போன் பண்ணி, ‘கல்யாணம் எப்ப?’ன்னு கேட்ட.

— நான் ஒரு தடவை சொன்னதைத் திருப்பிச் சொல்றதில்ல. அதான் மூணு வாரம்.

— இந்தக் கதையை நாம யாருக்கும் சொன்னதில்ல. நான்கூட எழுதலை. அது மட்டும் நமக்கே இருக்கட்டும்னு வச்சிருந்தேன். இந்த யோனாத்தனுக்கு எப்படித் தெரியும்? அவனும் வடக்கத்திக்காரனா?

— இல்ல. ஹெல்சிங்போரி. தெக்கத்திக்காரன்.

— ஓ.

— என்ன?

— அவன் எந்த ஊருன்னு உனக்கு எப்படித் தெரியும்? அதுவும் இலையைப் பாத்தா?

— காப்பியைச் சூடு பண்ணவா?

— நீ அவனைப் பாத்தியா?

— ஷூப்.

— வாயைத் திறந்து சொல்லு!

— பாத்தேன்.

— எப்ப?

— வியாழக்கிழமை.

— எந்த வியாழக்கிழமை?

— எல்லா வியாழக்கிழமையும்.

— வியாழக்கிழமை உனக்குப் பாட்டு வகுப்பு!

— எனக்குப் பாட வராது, தோர்கெல்.

— அது எனக்குத் தெரியும்! உன் மனசு நோகுமேன்னு ஒரு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்தேன். கிறிஸ்துமஸுக்குப் பாட்டுப் புத்தகம் வைக்கிற ஸ்டாண்டு வேற வாங்கிக் குடுத்தேன்!

— அதுல துண்டு காயப்போடுறேன்.

— எங்க பாத்துக்கிட்டீங்க?

— கால்வாய் ஓரக் கடையில.

— நான் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இந்தச் சோபாவுல கிடந்தப்போ.

— நீ தூங்கிக்கிட்டு இருந்த.

— என்ன சாப்ட்டீங்க?

— அதுவா முக்கியம்?

— எனக்கு அதுதான் முக்கியம்.

— இறால் சாண்ட்விச்.

— இறால்! என்னோட வந்தா ‘காப்பி மட்டும் போதும்’ப. அவனுக்கு வயசு என்ன?

— நாப்பத்தொண்ணு.

— முடி?

— இருக்கு.

— நிறையவா?

— தோர்கெல்.

— சரி, அதை விடு. உனக்கு அவனைப் பிடிச்சிருக்கா?

— பிடிச்சிருக்கு.

— இதுக்கு மட்டும் வாயைத் திறந்து பளிச்சுன்னு சொல்ற. அப்படி என்ன இருக்கு அவன்கிட்ட?

— நோட்டு.

— என்ன?

— ஒரு நோட்டும் பென்சிலும். கேள்வி கேப்பான். பதில் வர்ற வரைக்கும் சும்மா இருப்பான். அஞ்சு நிமிஷம் ஆனாலும் இருப்பான். முப்பத்தோரு வருஷம் விசாரணை அறையில நான் அதைத்தான் அடுத்தவங்களுக்குச் செஞ்சேன். எனக்கு யாரும் செஞ்சதில்ல.

— நானும்தான் உன்னைக் கேள்வி கேப்பேன்.

— கேப்ப. பதிலையும் நீயே சொல்லிருவ. என் பதிலைவிட அது நல்லாவும் இருக்கும்.

— இது அநியாயம்.

— ஆஸ்தாவை எழுத ஆரம்பிச்சப்போ, ஒரு போலீஸ் பொம்பளை எப்படி இருப்பான்னு தெரிஞ்சுக்க நீ யாருக்குப் போன் பண்ண?

— ...ஸ்டாக்ஹோம் தலைமை அலுவலகத்துக்கு.

— நான் எங்க இருந்தேன்?

— சமையலறையில. ஆனா மைலிஸ், உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான்...

— எங்க ஸ்டேஷன்ல எல்லாரும் என்னை ஆஸ்தான்னு கூப்பிட்டாங்க. ஓய்வு பெற்ற அன்னைக்குக் கார் கண்ணாடியில ஐஸ் சுரண்டுற கட்டை குடுத்தாங்க. ‘ஆஸ்தா’ன்னு பேர் பொறிச்சு.

— அது பாராட்டுன்னு நினைச்சேன். பெருமையா ஹால்ல மாட்டி வச்சேனே!

— தினமும் அதைத் தாண்டித்தான் போறேன். உள்ள ஒண்ணும் இல்லாத பொம்பளைன்னு ஊருக்கே சொல்லிட்ட. பதினாறு வாரம். ஜெர்மனிக்கும் சேத்து.

— நான் பாத்ததைத்தான் எழுதினேன்.

— என்ன பாத்த?

— உங்க அப்பா அடக்கத்துல நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. நான் பாத்தேன். நான்தான் அழுதேன். உங்க சித்தப்பா எனக்குக் கைக்குட்டை குடுத்தாரு.

— அன்னைக்குச் சாயங்காலம் காருக்குள்ள உக்காந்து நாப்பது நிமிஷம் அழுதேன்.

— பெட்ரோல் போடப் போறேன்னு சொன்ன.

— அந்தக் குக்கிராமத்துல பெட்ரோல் போட நாப்பது நிமிஷமா ஆகும்?

— ...வரிசை இருந்திருக்கும்னு நினைச்சேன்.

— யோனாத்தன் கேட்டான். ‘அன்னைக்கு அப்புறம் நீங்க எங்க போனீங்க’ன்னு. ஒரே கேள்வி.

— அதான் அஞ்சாவது வாரம். பெட்ரோல் பங்க்ல ஆஸ்தா. நான் அப்ப என்ன சொன்னேன்?

— ‘இப்படி யாராவது அழுவாங்களா’ன்னு சொன்ன.

— சொன்னேன். என் வாயைத் தைச்சிருக்கணும், நெஞ்சைத் தைச்சதுக்குப் பதிலா.

— பன் எடுத்துக்க.

— வேண்டாம். எனக்கு அவன் மேல எவ்வளவு பொறாமை தெரியுமா? இதுவரைக்கும் என் நாற்காலியை எடுத்துக்கிட்டான்னுதான் நினைச்சேன்.

— பொறாமை உனக்கு மட்டுமா? ஆஸ்பத்திரியில நீ கண்ணு முழிச்சதும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

— ஞாபகம் இல்ல.

— ‘ஆஸ்தா என்ன ஆனா?’ நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். அவ மேல எனக்கு எப்படி இருந்திருக்கும்?

— மயக்க மருந்து பேசியிருக்கும், மைலிஸ்.

— சரி.

— அந்த ‘சரி’யைச் சொல்லாத. அந்த ‘சரி’யில இருந்துதான் ரெண்டு சீசனை எடுத்தேன்... இரு, இரு. அந்த ஸ்வெட்டர்.

— எந்த ஸ்வெட்டர்?

— ரூனே ஸ்வெட்டர். கொஞ்சம் பின்னாடி ஓட்டு. முழங்கையைக் காட்டு. ஓட்டை! அது என் ஸ்வெட்டர்! ஆறு மாசமா அதைத் தேடிக்கிட்டு இருக்கேன்! அலமாரியைத் தலைகீழாக் கவுத்தேன், நீ விளக்குப் பிடிச்சுக்கிட்டுக் கூட நின்ன!

— திருப்பித் தரேன்னு சொல்லியிருக்காங்க.

— படகும் என் படகு. தார்ப்பாயைத் தப்பாக் கட்டுறது நான். எழுத்துப் பிழையும் என்னுது. எல்லாத்தையும் எடுத்து அந்தப் பொணத்துக்குக் குடுத்திருக்க. என்னைச் சாகடிச்சுட்டு அழகு பாத்திருக்கீங்க, இறால் தின்னுக்கிட்டு!

— உன்னை மாதிரி ஒருத்தனை உயிரோட காட்டினா யாரும் நம்ப மாட்டாங்கன்னான் யோனாத்தன்.

— அது புகழ்ச்சியா, திட்டா?

— ரெண்டும்தான்.

— சரி. ஸ்வெட்டர் என்னுது, படகு என்னுது. ஆனா அந்தப் பேச்சு? ‘இந்த வீட்டுல சத்தம் பத்தலை, ஏதாவது உளறு.’ அது என்னுது இல்ல. அப்படி ஒரு பேச்சு எனக்குக் கிடைச்சதே இல்ல. அதை எழுதினது அவன்தானே? சொல்லு, அவன்தான்னு சொல்லிரு. நான் அவனை நிம்மதியா வெறுத்துக்குறேன்.

— அவன் எழுதலை.

— நீ சொன்னதா?

— நான் சொன்னது. அவன் ஒரு எழுத்தும் மாத்தலை.

— அந்த நாப்பத்தொரு வயசுக்காரன் மூஞ்சியைப் பாத்து, அவ்வளவு பேச்சையும்?

— அவன்கிட்ட சொன்னது அப்புறம். முதல்ல வேற ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்.

— வேற ஒருத்தரா? இன்னொருத்தன் வேற இருக்கானா?

— ஷூப்.

— அய்யோ, இழுக்காத! எப்ப?

— நீ மேஜை மேல சாஞ்ச அந்தப் பிப்ரவரியில.

— நான் அங்க சாவோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன், நீ எவன் பக்கத்துலயோ உக்காந்து பேசிக்கிட்டு இருந்திருக்க.

— கையைப் பிடிச்சுக்கிட்டு. தினமும். விடியக் காலையில இருந்து அவங்க என்னை வெளிய போகச் சொல்ற வரைக்கும்.

— அவன் என்ன சொன்னான்?

— ஒண்ணும் சொல்லலை. அதான் என்னால பேச முடிஞ்சுது.

— எனக்கு இப்ப உண்மையாவே நெஞ்சு வலிக்குது. பேரைச் சொல்லு, மைலிஸ். எப்பேர்ப்பட்ட ஆளு அவன், நீ வாயைத் திறந்து பேசுற அளவுக்கு?

— நெஞ்சைத் தைச்சுட்டு உன்னைப் பதினோரு நாள் எழுப்பாம வச்சிருந்தாங்க, தோர்கெல். கல்யாணம் ஆனதுல இருந்து, குறுக்கே பேசாம நீ என்னைக் கேட்டது அந்தப் பதினோரு நாள்தான்.